அக்குளில் ஒரு வேலை, முன்கையில் இன்னொரு வேலை

அக்குளில் சுரக்கும் வியர்வைக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. சுரக்கிறபோது அது கிட்டத்தட்ட வாசனையே இல்லாத திரவம்தான். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உறிஞ்சிக்கொண்டு, கந்தகம் கலந்த சில பொருள்களாக உடைத்து வெளியே தள்ளுகின்றன. மாலை நேரத்துப் பேருந்தில், மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குபவரின் பக்கத்தில் நிற்க முடியாமல் போவது அதனால்தான். இந்த வேலையில் கைதேர்ந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அது நாற்றம் தயாரிக்கப் பயன்படுத்தும் என்சைமைக் கண்டுபிடித்து, அதன் வடிவத்தையும் 2020இல் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அதே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் இன்னொரு ஆய்வுக் கட்டுரையில் தலைகாட்டியது. இந்த முறை மருந்தாக! அமெரிக்காவில், சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ரிச்சர்ட் கேலோவின் குழு, அந்த இனத்தில் ஒரு ரகத்தைக் களிம்பில் கலந்து கரப்பான் நோயாளிகளின் முன்கையில் தடவிப் பார்த்தது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பெயர்ப்பலகை மாட்ட விரும்புகிறவர்களுக்கு இந்த ஆசாமி பெரிய தலைவலி.

இனம், ரகம் என்ற இந்த வித்தியாசம் முக்கியம். நெல் என்று மட்டும் சொன்னால் போதுமா? பொன்னியா, சீரகச் சம்பாவா, மாப்பிள்ளைச் சம்பாவா என்று கேட்கத்தானே செய்கிறோம். ஒரே பெயர் கொண்ட பாக்டீரியாவுக்குள்ளும் அப்படிப் பல ரகங்கள் உண்டு. ஒரு ரகத்திடம் இருக்கும் ஆயுதம் பக்கத்து ரகத்திடம் இருக்காது. தோல் பாக்டீரியாக்களைப் பற்றி அழகுப்பொருள் விளம்பரங்கள் சொல்வதில் பெரும்பகுதி தடம்புரள்வது இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுவதால்தான்.

வளர்ந்த மனிதனின் தோலை விரித்துப் போட்டால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் வரும். பாக்டீரியாவின் கண்ணில் இது ஒன்றும் நஞ்சை நிலமல்ல. சாப்பாடு குறைவு, உப்பு அதிகம், பல இடங்களில் தண்ணீரே இல்லை. மேல்பரப்பு அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். போதாக்குறைக்கு, நிற்கும் தரையே செதில் செதிலாக உதிர்ந்துகொண்டும் இருக்கிறது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு, அக்குள் போன்ற ஈரமான இடங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் பாக்டீரியாக்கள் வரை வாழ்கின்றன.

எது எங்கே வாழ்கிறது என்பதை ஜூலியா செக்ரே, எலிசபெத் கிரைஸ் ஆகியோரின் குழு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. ஆரோக்கியமான 10 பேர், ஒவ்வொருவர் உடம்பிலும் 20 இடங்கள். பொதுவாக நாம் ‘சுத்தமான இடம்’ என்று நினைக்கும் முன்கையில்தான் அதிக வகைகள் இருந்தன, சராசரியாக 44. மிகக் குறைவாக இருந்தது காதின் பின்புற மடிப்பில், 15. உங்கள் அக்குளுக்கும் உங்கள் முன்கைக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் அக்குளுக்கும் அடுத்தவர் அக்குளுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது என்பதும் அதில் தெரிந்தது. ஆளைவிட இடம்தான் முக்கியம்.

இந்தக் கூட்டம் நமக்கு என்ன காவல் காக்கிறது? இதற்குக் கிடைத்த விடைகளில் மிகத் தெளிவான ஒன்று, மூக்குக்குள்ளிருந்து வந்தது.

மருத்துவமனைகளை மிரட்டும் கிருமிகளில் ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மருந்துக்குக் கட்டுப்படாத அதன் ரகங்களைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் உட்கார்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சை, காயம் என்று தோலில் ஒரு வழி திறந்தால் உள்ளே புகுந்துகொள்ளும். சரி, மீதி இரண்டு பேரின் மூக்கில் ஏன் அது இல்லை? ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் பெஷலின் குழு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. மூக்கிலிருந்து எடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக ஆரியஸுக்கு எதிரே வளர்த்துப் பார்த்தார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற ஒன்று ஆரியஸை அண்டவே விடவில்லை. அது உற்பத்தி செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து, லக்டுனின் என்று பெயர் சூட்டி, 2016இல் உலகுக்கு அறிவித்தார்கள். அது ஒரு புது வகை ஆன்டிபயாட்டிக். மண்ணில் தேடியே பழகியிருந்த மருந்து ஆராய்ச்சிக்கு, அதைவிடப் பக்கத்தில் ஓர் இடம் இருப்பது தெரிந்தது.

சோதனைக் குழாயில் கொல்வது ஒன்று, மனித மூக்கில் கொல்வது வேறு. எனவே மருத்துவமனையில் இருந்த 187 பேரின் மூக்கைச் சோதித்தார்கள். லக்டுனென்சிஸ் இல்லாதவர்களில் 34.7 சதவீதம் பேரிடம் ஆரியஸ் இருந்தது. லக்டுனென்சிஸ் இருந்தவர்களில் அது வெறும் 5.9 சதவீதம். இதைப் படித்துவிட்டு லக்டுனென்சிஸுக்கு மாலை போடக் கிளம்புவதற்குமுன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அது ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்தால் ஆளையே கொல்லக்கூடிய தொற்றை உண்டாக்கும்.

அதே டூபிங்கன் குழு பின்னர் எபிஃபேடின் என்ற இன்னொரு பொருளையும் கண்டுபிடித்தது. இது ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற, எல்லோர் தோலிலும் இருக்கும் சாதாரணப் பாக்டீரியாவின் ஒரு ரகம் செய்வது. இதன் விசேஷம், சில மணி நேரத்தில் தானாகச் சிதைந்துவிடுகிறது. அருகில் வந்த எதிரியைத் தாக்கும், ஆனால் தெருமுழுக்கப் பரவி எல்லோரையும் அழிக்காது. மாத்திரையாக விழுங்கும் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்த நாசூக்கு இல்லை.

இனி கரப்பான். குழந்தைகளின் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் வறண்டு, சிவந்து, இரவெல்லாம் சொறியவைக்கும் இந்த நோயைத் தோல் டாக்டர்கள் அடோபிக் டெர்மடைடிஸ் என்பார்கள். நோய் முற்றும்போதெல்லாம் அந்த இடத்தில் ஆரியஸ் பெருகுகிறது, அடங்கும்போது குறைகிறது. கேலோவின் குழு கேட்ட கேள்வி டூபிங்கன் கேள்வியின் மறுபக்கம்: ஆரோக்கியமான தோலில் ஆரியஸைத் தடுத்து வைத்திருப்பவர்கள் யார், கரப்பான் தோலில் அவர்கள் எங்கே போனார்கள்? ஆரோக்கியமானவர்களின் தோலில் எபிடெர்மிடிஸ், ஹோமினிஸ் இனங்களைச் சேர்ந்த பல ரகங்கள் ஆரியஸைக் கொல்லும் பொருள்களைச் சுரந்துகொண்டிருந்தன. கரப்பான் நோயாளிகளின் தோலில் அந்த இனங்கள் இல்லாமல் போகவில்லை, இருந்தன. ஆனால் கொல்லத் தெரிந்த ரகங்கள் அரிதாகிவிட்டிருந்தன. பெயரளவில் காவலர்கள் உண்டு, கையில் ஆயுதம் இல்லை.

2017இல் வெளியான அந்த ஆய்வில், நோயாளிகளின் உடம்பிலேயே மிச்சமிருந்த ஒருசில ஆயுதம் தாங்கிய ரகங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்துப் பெருக்கி, அவர்களுக்கே களிம்பில் கலந்து தடவினார்கள். ஒரே நாளில் ஆரியஸ் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகப் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருக்க முடியுமா? எல்லோருக்கும் பொதுவான ஒரு ரகம் வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ஹோமினிஸ் ரகம். அதன் பெயர் ஏ9.

2021இல் வெளிவந்த ஏ9 சோதனையில் 54 பேர். ஒரு பகுதியினருக்கு உயிருள்ள ஏ9 கலந்த களிம்பு, மற்றவர்களுக்கு வெறும் களிம்பு, ஒரு வாரம். யாருக்கு எது என்பது தடவுகிறவருக்கும் தெரியாது, சோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆரியஸ் குறைந்தது, பயப்படும்படியான பக்கவிளைவுகள் இல்லை. நோய் குறைந்ததா? எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியின் தோலில் இருந்த ஆரியஸ், ஏ9 கொல்லக்கூடிய வகையாக இருந்தால் அவருக்குக் கரப்பான் தணிந்தது. மருந்தில் மட்டுமல்ல, எதிரியிலும் ரகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையில் ஏமாற்றங்களும் உண்டு. அவற்றையும் சொன்னால்தான் கதை முழுமை பெறும். அமெரிக்க தேசிய ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய் நிறுவனத்தில் இயன் மைல்ஸ் என்ற மருத்துவர் ரோசியோமோனாஸ் மியூக்கோசா என்ற வேறொரு பாக்டீரியாவைக் கையில் எடுத்தார். ஆரோக்கியமானவர்களின் தோலிலிருந்து எடுத்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, கரப்பான் உள்ள 10 பெரியவர்களுக்கும் 5 குழந்தைகளுக்கும் தெளித்தார். பெரும்பாலானோருக்கு அரிப்பும் சிவப்பும் குறைந்தன. 2018இல் இந்தச் செய்தி வந்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர் தெளித்த குழு இல்லை. ஃபோர்ட்டே பயோசயின்சஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி, அப்படியொரு குழுவையும் வைத்துப் பெரிய சோதனை நடத்தியது. 2021 செப்டம்பரில் முடிவு வந்தது. மருந்து தெளித்தவர்களும் வெறும் திரவம் தெளித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமடைந்திருந்தார்கள். கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். ஒப்பிடும் குழு இல்லாமல் ‘எனக்குச் சரியாப் போச்சு’ என்று சொல்லும் எந்தச் சாட்சியத்தையும் நம்புவது கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பரு விஷயத்திலும் பழைய தீர்ப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவின் பெயரிலேயே பருவின் லத்தீன் பெயர் ஒட்டியிருக்கிறது. ஆனால் அது பரு இல்லாத முகங்களிலும் தாராளமாக வாழ்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குழு, கரும்புள்ளி எடுக்க மூக்கில் ஒட்டும் பட்டைகளைக் கொண்டு 101 பேரின் மூக்கிலிருந்து இந்தப் பாக்டீரியாவைச் சேகரித்தது. 2013இல் வெளியான முடிவு: பரு உள்ளவர்களிடம் சில ரகங்கள் தூக்கலாக இருந்தன, பரு இல்லாதவர்களிடம் வேறொரு ரகம். இந்தப் பாக்டீரியா மயிர்க்கால் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. தோலின் அமிலத்தன்மையில் அதற்கும் பங்குண்டு. அந்த அமிலம்தான் ஆரியஸ் போன்ற வெளியாட்களை நிலைகொள்ள விடாமல் தடுக்கிறது. மாதக்கணக்கில் பருவுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை விழுங்கும்போது பொல்லாத ரகம் மட்டும் சாவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பாக்டீரியாவுக்கும் பாக்டீரியாவுக்குமான சண்டை. அவை நம் நோயெதிர்ப்புச் செல்களோடு நடத்தும் பேச்சுவார்த்தை தனி. யாஸ்மின் பெல்கேட் தலைமையிலான குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் தோலில் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைச் செலுத்தினார்கள். எலிகளால் அதைச் சரியாக எதிர்க்க முடியவில்லை. தோலில் எபிடெர்மிடிஸை மட்டும் தடவிய பிறகு எதிர்ப்பு வந்தது. குடலில் பாக்டீரியாவைச் சேர்த்தபோது தோலுக்குப் பயனில்லை. குடலுக்குத் தயிர், தோலுக்கும் தயிர் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

எதிர்ப்பைத் தூண்டுவது மட்டுமல்ல, அடக்குவதும் இவற்றின் வேலை. எபிடெர்மிடிஸின் செல் சுவரில் இருக்கும் ஒரு மூலக்கூறு, அடிபட்ட தோலில் வீக்கம் அளவுக்கு மீறிப் போகாமல் பார்த்துக்கொள்கிறது என்று கேலோவின் குழு 2009இல் காட்டியது. இந்தப் பாக்டீரியாக்களைப் பகையாக நினைக்காமலிருக்க உடம்பு கற்றுக்கொள்வதற்கும் ஒரு பருவம் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் எபிடெர்மிடிஸைச் சந்தித்த எலிகள் அதைப் பொறுத்துக்கொண்டன, வளர்ந்த பிறகு முதன்முதலாகச் சந்தித்தவை எரிச்சலோடு எதிர்த்தன. இது எலிகளில் தெரிந்தது. மனிதக் குழந்தைக்கு அந்தக் காலம் எவ்வளவு நாள் என்று யாரும் கெடு வைக்கவில்லை.

அப்படியானால் குளிக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் டேவிட் விட்லாக் என்ற வேதியியல் நிபுணர் ஆண்டுக்கணக்கில் குளிக்காமல் இருந்தார். மண்ணில் வாழும் நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியாவை உடம்பில் தெளித்துக்கொண்டார். அது வியர்வையிலுள்ள அமோனியாவைத் தின்று தோலைக் காக்கும் என்பது அவர் கருத்து. 2014இல் ஜூலியா ஸ்காட் என்ற பத்திரிகையாளர் சோப்பு, ஷாம்பு எதையும் தொடாமல் நான்கு வாரம் அதைத் தெளித்துப் பார்த்துவிட்டு நியூயார்க் டைம்ஸ் இதழில் நீளமாக எழுதினார். பாக்டீரியா தோலில் குடியேறியது. மறுபடி சோப்புப் போட்டுக் குளிக்கத் தொடங்கியதும் காணாமல் போய்விட்டது. சென்னை மே மாதத்தில் இந்தச் சோதனைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம்.

உண்மையில் விடை 1938லேயே பாதி தெரிந்துவிட்டது. பிலிப் பிரைஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு முறையும் தண்ணீரில் எத்தனை பாக்டீரியா வருகிறது என்று எண்ணினார். தொட்டதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழிப்போக்கர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். நிரந்தரக் குடிகள் எளிதில் போவதில்லை, போனாலும் மயிர்க்காலின் அடியிலிருந்து திரும்பப் பெருகுகிறார்கள். வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் வருவது வழிப்போக்கர்களால்தான். ஆகவே சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

அழுக்கே படாத முதுகையும் கெண்டைக்காலையும் தினம் இரண்டு வேளை சோப்பில் மூழ்கடிப்பது வேறு விஷயம். நாம் வாங்கும் சோப்புக் கட்டிகளில் பெரும்பாலானவை பி.எச். 9, 10 அளவில் காரத்தன்மை கொண்டவை. ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் பழைய அமிலத்தன்மைக்குத் திரும்பிவிடும், கரப்பான் தோல் தடுமாறும். ‘கிருமிகளை ஒழிக்கும்’ சோப்பு சாதாரண சோப்பைவிட மேல் என்பதற்கு உற்பத்தியாளர்கள் போதிய ஆதாரம் தரவில்லை என்று சொல்லி, ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் உத்தரவு போட்டது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட 24 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் உடம்புச் சூடு காப்பது அதற்கு முக்கியக் காரணம். மேலே படிந்திருக்கும் வெண்மெழுகும் தோலுக்கு நல்லது. பாட்டிமார்கள் அடுப்பில் வெந்நீர் வைக்க அவசரப்பட வேண்டாம்.

சோப்பைவிடப் பெரிய தொல்லை நம் ஊர் மருந்துக் கடைகளில் இருக்கிறது. படை, அரிப்பு என்று சொன்னதும் டாக்டர் சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்பு அது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே குழாயில். படை பூஞ்சையால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. காவல் பாக்டீரியாக்களைக் கொல்வதைத் தவிர. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கி, நோய் போய்விட்டதாகக் காட்டிப் பூஞ்சையை உள்ளே வளரவிடும். இந்தியா முழுக்கத் தோல் டாக்டர்கள் சில ஆண்டுகளாக, மருந்துக்கு அடங்காத படையோடு மல்லுக்கட்டுவதற்கு இந்தக் குழாய்களும் ஒரு காரணம். ‘ப்ரோபயாட்டிக்’ என்று அச்சிட்ட முகக் களிம்புகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். களிம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களே உள்ளே இருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பெரும்பாலானவற்றில் இருப்பது உயிரற்ற பாக்டீரியாச் சாறு. அதனால் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏ9 செய்வதை அது செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் இன்னும் துணிச்சலானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபிஷ்பாக்கின் குழு, எபிடெர்மிடிஸின் மரபணுவில் புற்றுக் கட்டியின் ஓர் அடையாளத்தைச் சேர்த்து, பஞ்சில் தோய்த்து எலிகளின் ரோமத்தில் தடவியது. தோல் பாக்டீரியாவைக் கவனிப்பதற்காக உடம்பு உருவாக்கிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டியையும் தேடிப்போய்த் தாக்கின. இது 2023. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதே பாக்டீரியாவில் டெட்டனஸ் நஞ்சின் ஒரு துண்டைப் பொருத்தித் தடவியபோது, ஊசி இல்லாமலே எலிகளுக்கு டெட்டனஸ் எதிர்ப்பு கிடைத்தது. எல்லாம் எலிகளில்தான் நடந்தது. மனிதத் தோலில் ரோமம் குறைவு, குடியிருப்போர் வேறு, அவர்களோடு நமக்குள்ள பழக்கமும் வேறு.

மனிதர்களிடம் கொண்டுவரும்போது இன்னொரு சிக்கலும் வரும். ஊசியில் போடும் மருந்து போட்டவர் உடம்போடு நிற்கும். உயிருள்ள தோல் பாக்டீரியா அப்படி நிற்குமா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 2017இல் சேர்ந்து வாழும் 10 ஜோடிகளின் உடம்பில் 17 இடங்களிலிருந்து பாக்டீரியாக்களைச் சேகரித்து, யார் யாருடைய ஜோடி என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொன்னது. 86 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டது. ஜோடிகளுக்குள் அதிக ஒற்றுமை பாதங்களில். ஒரே குளியலறைத் தரையில் நடப்பவர்கள் அல்லவா? ஒருவருக்குத் தடவும் தடுப்பு மருந்துப் பாக்டீரியா கணவருக்கோ மனைவிக்கோ மடியில் படுத்திருக்கும் குழந்தைக்கோ போகுமா, போனால் அவர்களிடமும் சம்மதம் வாங்க வேண்டுமா, வேண்டாம் என்றால் எதைப் போட்டுக் கழுவுவது என்பதையெல்லாம் முதல் மனிதச் சோதனைக்கு முன்பே தீர்த்தாக வேண்டும்.